அம்மே, ஹுஸ்ம கன்ன

கை உடைந்தால் பிளாஸ்டர் போடுவார்கள். கால் உடைந்தாலும் அப்படித்தான். விலா எலும்பு உடைந்தால் என்ன போடுவார்கள்? ஒன்றும் போட மாட்டார்கள். இது எங்களுக்குத் தெரியவர 5 நாள் எடுத்தது. அந்த 5 நாளும் அம்மாவுக்கு நாங்கள் செய்தது எல்லாம் அன்பில்தான் செய்தோம். எல்லாமே பிழை.

நாங்கள் என்றால் மூன்று பேர். மூத்தவள் பேராதனையில் கலைப்பீடம். நடுவில் தம்பி, ஏ.எல். எழுதி முடித்தவன். கடைசி தங்கச்சி, ஓ.எல். வகுப்பு. டைப் பண்ணுவது மூத்தவள் என்றாலும், மற்ற இரண்டு பேரும் வாசித்து, "இது இப்படி நடக்கல்ல" என்று சண்டை பிடித்து, திருத்திய பிறகுதான் இதை அனுப்புகிறோம். அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

2024 ஒக்டோபர் முதல் வாரம். ஹல்துமுல்லைப் பக்கம் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் கீழே தெற்குச் சமவெளி முழுக்கத் தெளிவாகத் தெரியும், பகலுக்கு மேல் பெரகலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கும், பின்னேரம் மழை. அம்மா பகல் நிறுவைக்குக் கொழுந்து கொண்டு இறங்கியிருக்கிறார். கான் ஓரம் பாசி. முதுகில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் நனைந்த படங்கு. கால் வழுக்கியதும் சாக்கு ஒரு பக்கம் இழுக்க, இடது பக்கமாகப் போய் கவ்வாத்து வெட்டின ஒரு தேயிலை மூட்டில் விழுந்திருக்கிறார்.

விழுந்தவர் எழும்பி, சிதறின கொழுந்தைப் பொறுக்கி, மடுவத்துக்குப் போய் நிறுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நிறுக்காமல் வந்தால் அன்றைக்குப் பேர் விழாது. அரைப் பேர்தான்.

"ஒண்ணுமில்ல புள்ள, லேசா அடி" என்றார். தங்கச்சி தைலம் தேய்த்துவிட்டாள். பக்கம் கொஞ்சம் கன்றியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாளும் மலைக்குப் போனார். அதற்கடுத்த நாள் எழும்ப முடியவில்லை. டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து, சதைப் பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு டிவியில் ஏதோ பழைய வடிவேலு காமெடி. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினவர் பாதியில் நிறுத்தி, இரண்டு கையாலும் பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரித்ததால் அழுத ஆளை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்பி டிவியை நிற்பாட்டினான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பகிடி விடவில்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா ஒரு வெதமாத்தயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் போவது அவர்களிடம்தான். கை கால் முறிவுக்கு அவர்கள் வைத்து எத்தனையோ பேருக்குச் சரியாகி இருக்கிறது, அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தொட்டுப் பார்த்து "எலும்பு" என்றார். அந்த விஷயத்தில் டிஸ்பென்சரியை விட அவர் சரி. எண்ணெய் தடவி, பத்து அரைத்துப் போட்டு, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டினதும் அம்மாவுக்கு வலி பாதியாகக் குறைந்தது. எங்களுக்கு என்ன சந்தோஷம்! மூத்தவளுக்கு ஃபோன் போட்டு, "நீ வரத் தேவையில்ல, அம்மாவுக்கு சுகமாகுது" என்று சொல்லிவிட்டோம்.

வலி ஏன் குறைந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. கட்டு இறுக்கமாக இருந்ததால் நெஞ்சு விரியவில்லை. நெஞ்சு விரியாததால் உடைந்த இடம் அசையவில்லை. உடைந்த இடம் அசையாததால் வலிக்கவில்லை. ஆனால் நெஞ்சு விரியவில்லை என்றால் மூச்சு உள்ளே போகவில்லை என்றுதானே அர்த்தம்?

ஐந்தாம் நாள் இரவு காய்ச்சல். அம்மாவுக்கு இருமல் வந்தது, ஆனால் இருமவில்லை. இருமலை விழுங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒவ்வொரு இருமலையும் சோற்றுருண்டை மாதிரி விழுங்கினார். விடிய முன்னம் மூச்சு சின்னச் சின்னதாக, வேகமாக, ஓடி வந்த ஆள் மாதிரி ஆனது. தம்பி 1990க்கு அடித்தான். லயத்துக்கு ஆம்புலன்ஸ் வராது, ரோட்டு வரைக்கும்தான் வரும். அம்மாவைக் கதிரையில் வைத்து அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அம்மா முனகின சத்தம் தங்கச்சிக்கு இன்னும் கேட்கிறதாம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதல் செய்த வேலை, கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கட்டை வெட்டினது. பெரியப்பா பதறிப் போனார். டொக்டர் கோபப்படவில்லை. இங்கிலீஷ் வைத்தியத்திலும் ஒரு காலத்தில் விலா எலும்புக்கு பிளாஸ்டர் ஒட்டி இறுக்கத்தான் செய்தார்களாம். நோயாளிகளுக்கு நியுமோனியா வருவதைப் பார்த்து விட்டுவிட்டார்களாம். "இது உங்கட பிழை மட்டும் இல்ல" என்று அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஏழாவதும் எட்டாவதும் உடைந்திருந்தது. நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைப் படலம், கிருமி பிடித்திருக்கிறது. வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் கீழ் விலாவுக்கு உள்ளேதான் மண்ணீரல் இருக்கிறது, வலது பக்கம் ஈரல். கீழ் எலும்பு உடைந்தால் அதற்குப் பின்னால் இருக்கிறவற்றிலும் காயம் இருக்கலாம், சில நேரம் ரத்தம் மெதுவாகக் கசிந்து பிந்தித்தான் தெரியவரும். நல்ல காலம், அம்மாவுக்கு அது இல்லை.

நாங்கள் அப்போதுதான் எண்ணக் கற்றுக்கொண்டோம். மனுசனுக்கு 12 சோடி, 24 விலா எலும்பு. மேலே 7 சோடி முன்பக்கம் நெஞ்செலும்போடு நேராகச் சேரும். அடுத்த 3 சோடி குருத்தெலும்பு வழியாக மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். கடைசி 2 சோடிக்கு முன்னால் பிடிமானமே இல்லை. உடைந்த கையைத் தொட்டிலில் போட்டு அசையாமல் வைக்கலாம். ஆனால் ஒரு ஆள் நிமிடத்துக்கு 15 தரம் மூச்சு விட்டால் ஒரு நாளைக்கு 21,600 தரம். அத்தனை தரமும் விலா எலும்பு ஏறி இறங்க வேண்டும். ஓய்வே கொடுக்க முடியாத எலும்பு அது. அசைந்துகொண்டேதான் பொருந்த வேண்டும்.

முதலிலேயே எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று தம்பி கேட்டான். தெரியாமலும் போயிருக்கலாம் என்றார்கள். விலகாமல் வெடித்த எலும்பு சாதாரண எக்ஸ்ரேயில் நிறையத் தரம் தப்பிவிடும். அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும், மூச்சு இழுக்கும்போது ஒரே இடத்தில் குத்தினால் எலும்பு உடைந்த மாதிரியே பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்த வைத்தியம் என்ன? ஊசி மூலம் கிருமிக்கு மருந்து, வலிக்கு மருந்து. மற்றது மூச்சு. தினமும் ஒரு பிசியோதெரபி மிஸ் வருவார். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, உறிஞ்சிப் பந்தை மேலே தூக்கச் சொல்வார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான். "அம்மே, ஹுஸ்ம கன்ன." மூச்சு எடுங்க அம்மா. "தவ டிக்கக்." இன்னும் கொஞ்சம். முதல் நாள் ஒரு பந்து கூட அசையவில்லை. அம்மா வெட்கப்பட்டார். இரண்டாம் நாள் ஒரு பந்து நடுங்கிக்கொண்டு ஏறியது. பக்கத்துக் கட்டில் சிங்கள ஆச்சி கை தட்டினார்.

அம்மாவுக்கும் எங்களுக்கும் பெரிய சண்டை வலி மாத்திரையில்தான் வந்தது. "வலிச்சா போடுறேன், சும்மா என்னத்துக்கு மாத்திரை" என்று கொடுக்கிற மாத்திரையைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தார். வலியைத் தாங்குவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பெருமை. அந்த முந்தியை அவிழ்த்துப் பார்த்த டொக்டர், வார்டில் இருந்த ஒரு தமிழ் நர்ஸைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். "இது வலிய போக்க இல்ல அம்மா, மூச்சு எடுக்க. வலிச்சா நீங்க மூச்சு எடுக்க மாட்டீங்க. மூச்சு எடுக்காட்டி சளி அடியில தங்கும். சளி தங்கினா திரும்ப காய்ச்சல். அதனால வலிக்க முதல்லயே போடணும்." அம்மா முந்தியை உதறினார். 4 மாத்திரை விழுந்தது.

நான்காம் நாள் பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டில் 6 கிழமை நாங்கள் செய்ததை எழுதுகிறோம். யாருக்காவது உதவும். மல்லாந்து படுக்க முடியாது என்பதால் சுவரில் கோணிச் சாக்கும் தலகாணியும் அடுக்கி, அரைவாசி உட்கார்ந்த மாதிரிப் படுக்க வைத்தோம். எழும்பும்போது நேராக எழும்பாமல் ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்ப வேண்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் 10 ஆழமான மூச்சு, ஒவ்வொன்றையும் 3 வினாடி உள்ளே பிடித்து விட வேண்டும். இதைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். படித்துக்கொண்டே அங்கிருந்து "அம்மே, ஹுஸ்ம கன்ன" என்று மிஸ் மாதிரியே கத்துவாள். இருமல் வந்தால் விழுங்கக் கூடாது. ஒரு சின்னத் தலகாணியை உடைந்த பக்கத்தில் இறுக்கி அணைத்துக்கொண்டு, நல்லா இரும வேண்டும். அணைப்பது என்றால் இருமுகிற அந்த நொடிக்கு மட்டும். சுற்றிக் கட்டுவது வேறு, அணைப்பது வேறு.

பரசிட்டமோல் ஒரு தரத்துக்கு 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இது அம்மாவுக்குச் சொன்னது. ரொம்ப மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அளவு குறையும், கேட்டுத்தான் போட வேண்டும். சும்மா படுத்தே கிடக்கவும் கூடாது. இஸ்தோப்பில் இருந்து பீலி வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. திரும்பக் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு கூடுதலாக வாங்கினாலோ, சளியில் ரத்தமோ பச்சையோ தெரிந்தாலோ, வயிறோ தோள்பட்டையோ புதிதாக வலித்தாலோ ஒரு நிமிடம் கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

வாசிக்க லேசாக இருக்கும். ஆனால் "பாரம் தூக்கக் கூடாது" என்று ஒரு லயத்து அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பீலித் தண்ணீர் பாரம். விறகு பாரம். சோற்றுப் பானை பாரம். அவர் வாழ்க்கையில் பாரம் இல்லாத சாமானே இல்லை. அடுப்புப் புகையும் ஆகாது, அது இருமலைக் கிளப்பும். தம்பி சமைக்கப் பழகினது அப்படித்தான். முதல் கிழமை அவன் வைத்த பருப்பை அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அப்பா தண்ணீர் தூக்கினார். 25 வருசத்தில் முதல் தடவை என்று அம்மா சொன்னபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அம்மா தலகாணியை அணைத்துக்கொண்டு சிரித்தார். அழவில்லை. அதுதான் எங்களுக்கு முதல் நம்பிக்கை.

இனிக் காசுக் கதை. 2024 செப்டெம்பரில்தான் நாள் சம்பளம் 1350 ரூபாவாக ஆகியிருந்தது. கிழமைக்கு 6 நாள் வேலை என்று வைத்தால் 6 கிழமைக்கு 36 நாள். 36 தர 1350, 48,600 ரூபா. இரண்டு எலும்பு பொருந்தும் நேரத்துக்கு எங்கள் வீடு கட்டின விலை அது. அதுவும் தீபாவளி மாதத்தில். சேலை எடுக்கவில்லை. ஒரு கிலோ மாவில் முறுக்கு சுட்டோம், பக்கத்துக் காம்பராக்காரர்கள் மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூத்தவள் ரயிலில் வந்து ஹப்புத்தளையில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் முதல் கேட்டது, "வேலை செய்ற நேரத்தில விழுந்ததுக்கு நட்டஈடு இல்லையா?" அவளோடு கலைப்பீடத்தில் சட்டம் படிக்கும் ஒரு அக்கா சொல்லியிருந்தார். 1934ஆம் ஆண்டிலிருந்தே, 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையினால், வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொடுப்பவர் பொறுப்பு. விபத்தை முடிந்தளவு சீக்கிரம் அறிவிக்க வேண்டும்.

நாங்கள் ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துப் பார்த்தோம். அதில் எழுதியிருந்தது: வீட்டில் வழுக்கி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பிழையாக எழுதவில்லை. அம்மாவே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் முதலில் பேசவில்லை. பிறகு சொன்னார். கான் ஓரம் சுத்தம் பண்ணாமல் இருந்தது. மலையில் விழுந்தேன் என்று சொன்னால் கங்காணியைக் கேட்பார்கள். கங்காணி எங்களுக்கு மாமா முறை. அவரிடம் ஆள் குறைவு, அவர் என்ன செய்வார்? அதோடு, "அடுத்த நாளும் வேலைக்கு வந்தியே, அப்ப எங்க விழுந்த?" என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் பீலியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம் இல்லை. உண்மையைச் சொல்லி எழுத்து மூலம் கொடுப்போம் என்றாள் மூத்தவள். இனி மாற்றிச் சொன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்குவார்கள் என்றான் தம்பி. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மா, "நீ படிச்சு முடிச்சு போயிருவ. நாங்க இந்த ஆளுங்களோடதான் இருக்கணும்" என்றார். மூத்தவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. நாங்கள் கொடுக்கவில்லை. அது சரியா பிழையா என்று இதை எழுதும்போதும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

ஒக்டோபர் 29 வந்தது. 2014இல் அதே நாள் காலையில்தான் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. கொஸ்லாந்தைப் பக்கம், எங்கள் ஹல்துமுல்லைப் பிரிவுக்குள்தான். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வர வீடு இருக்கவில்லை. பத்து வருசம். இந்தப் பக்கத்தில் ஒக்டோபர் மழை அடித்தால் பெரியவர்கள் தூங்க மாட்டார்கள். அந்த முறை எங்களுக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது. மண் சரியப் போகுது, இறங்குங்கள் என்று சொன்னால் அம்மா எப்படி ஓடுவார்? ஒரு இரவு மழை விடவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் கதிரையை வைத்துவிட்டு, யார் எந்தக் காலைப் பிடிப்பது என்று பேசி வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் அம்மா, "அந்தப் பிள்ளைகளுக்கு அண்டைக்கு ஒரு கதிரை வைக்கக்கூட நேரம் கிடைக்கலயே" என்றார்.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு அம்மா தானே நடந்து போய் வாக்குப் போட்டார். தலகாணியையும் கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் என்னவென்று கேட்க, தங்கச்சி முழுக் கதையையும் சொல்ல, அந்த வரிசையிலேயே ஒரு பாட்டி, போன வருசம் தனக்கும் இப்படித்தான், மூன்று மாதம் துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன் என்றார். இன்னொருவருக்குப் புருசன் அடித்ததில், பக்கத்து லயத்து அண்ணனுக்கு த்ரீவீல் கவிழ்ந்ததில். எங்கள் தோட்டத்தில் இத்தனை உடைந்த விலா எலும்பு இருப்பது எங்களுக்குத் தெரியாது. யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எல்லோரும் கட்டினார்கள். எல்லோரும் இருமலை விழுங்கினார்கள். வயசு கூடக் கூட இது ஆபத்து. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடைகிற ஒவ்வொரு மேலதிக விலா எலும்புக்கும் நியுமோனியா ஆபத்து 27 வீதம் கூடினதாகக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டி தப்பினது அதிர்ஷ்டம்.

எலும்பு பொருந்த 6 கிழமை என்றார்கள். பொருந்திவிட்டது. வலி அதற்குப் பிறகும் இருந்தது, குளிருக்கும் தும்மலுக்கும். 9ஆவது கிழமை, டிசம்பரில், அம்மா திரும்ப மலைக்குப் போனார். சாக்கை வலது பக்கம் சாய்த்து மாட்டிக்கொண்டார். முதல் நாள் கிலோ குறைவு, அரைப் பேர்தான் விழுந்தது. கங்காணி மாமா கான் ஓரத்தை வெட்டிச் சுத்தமாக்கி இருந்தாராம். அம்மா அதை எங்களிடம் இரண்டு தரம் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ மலையில் விழுந்தால், வெட்டினால், குளவி கொட்டினால், அன்றைக்கே திகதி, நேரம், எந்த மலை, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று தங்கச்சி எழுதி வைக்கிறாள். கொடுப்பதா இல்லையா என்பது பிறகு. எழுதி வைப்பது முதல். முதல் பக்கத்தில் ஒக்டோபரில் விழுந்ததை எழுதியிருக்கிறாள். எங்கே என்ற இடத்தில் 'பீலி' என்று எழுதவில்லை.

அம்மா அதை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, மூன்று எண்ணும் வரைக்கும் பிடித்து வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார்.